வாய்க்குப் போகும் கை

மனிதரைப் பற்றிக்கொள்ளும் பழக்கங்களுள் சிலவற்றுக்கு வீட்டில் மதிப்புண்டு, சிலவற்றுக்கு மன்னிப்புண்டு. உணவுக்குப் பின் வெற்றிலை போடுபவரை எவரும் கண்டிப்பதில்லை. நாளிதழ் படிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்பவரைக் கண்டு பிள்ளைகள் சிரிப்பதோடு சரி. விரல்களில் சொடக்கு எடுப்பவரும், மீசையை முறுக்குபவரும், சட்டைப் பையிலுள்ள சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே பேசுபவரும் தத்தம் பழக்கத்தோடு அமைதியாக முதுமை எய்துகின்றனர். ஆனால் நகங் கடிப்பவனுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைப்பதில்லை. அவன் கை வாயருகே செல்லக் கண்டவுடன், பெற்ற தாய் முதல் பேருந்தில் அருகே அமர்ந்திருக்கும் முன்பின் அறியாதவர் வரை, எவரும் அவனை அதட்டலாம் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்து வருகிறது.

இத்துணைச் சிறிய பொருளைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வேண்டும் என்றே கருதுகிறேன். ஏனெனில் இப்பழக்கம் எட்டிப்பார்க்காத குடும்பம் அரிது. மூன்று அல்லது நான்கு வயதுக்கு மேல் தொடங்கி, தொடக்கப் பள்ளிப் பருவத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளிடம் இது காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. வளரிளம் பருவத்தில் இன்னும் மிகுந்து, பின்னர் பெரும்பாலோரிடம் தானாகவே குறைந்துவிடுகிறது. சிலரை மட்டும் அது விடுவதில்லை. அந்தச் சிலருள் நானும் ஒருவன். ஆறு வயதில் என்னோடு சேர்ந்துகொண்ட இப்பழக்கம், பள்ளி, கல்லூரி, அரசுப் பணி, திருமணம், ஓய்வூதியம் ஆகிய எல்லாப் படிகளிலும் என்னுடன் ஏறி வந்தது. ஆகவே, இதைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு வேறு தகுதி இல்லாவிடினும் அனுபவத் தகுதி நிரம்ப உண்டு.

வேம்பும் தரித்திரமும்

நகங் கடிப்பவன் அதை விரும்பிச் செய்கிறான் என்று எண்ணுவதே இப்பழக்கத்தைப் பற்றி உலகில் நிலவும் முதல் தப்பெண்ணம். உண்மையில் அவன் அதைச் செய்வதே அவனுக்குத் தெரியாது. நகத்தின் ஓரத்தில் மயிரிழையளவு ஒரு பிசிறு இருக்கும். கட்டைவிரல் அதைத் தடவிக் கண்டுபிடிக்கும். அதைச் சமன்செய்ய வேண்டுமென்று பல்லுக்கு ஓர் அழைப்புப் போகும். பல் ஒரு பிசிறை நீக்கிப் புதிதாய் இரண்டை உண்டாக்கும். இவ்வாறு வேலை வளர்ந்துகொண்டே போய், நகக்கண் வரை வந்து, வலி சுரீரென்று தைக்கும்போதுதான் உரியவனுக்குச் செய்தி எட்டும். அதுவரை அவன் புத்தகத்திலோ, கணக்கிலோ, கவலையிலோ மூழ்கியிருப்பான்.

பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் எங்கள் ஆச்சியே சட்டம். “ஏலே, நகத்தைக் கடிக்காதே, குடும்பத்துக்குத் தரித்திரம்” என்பார். காலாட்டினால் தரித்திரம், விளக்கு வைத்த பின் நகம் வெட்டினால் தரித்திரம் என்று அவரிடம் ஒரு பட்டியலே இருந்தது. பெரியவர்கள் இத்தகைய சொற்களை நாக்கு நுனியிலிருந்து சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிள்ளைகளோ அவற்றை நெஞ்சுக்குள் எடுத்துக்கொள்கிறார்கள். 1963ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயதானபோது, என் தந்தையார் நடத்திவந்த பலசரக்குக் கடை கடன் சுமையால் மூடப்பட்டது. தராசையும் படிக்கற்களையும் தகர டப்பாக்களையும் வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். திண்ணையில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த நான், அந்த இழப்புக்குக் காரணம் என் பத்து விரல்களே என்று முழுமனத்தோடு நம்பினேன். அதை எவரிடமும் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. அந்த அச்சம் என்னைத் திருத்தியதா? இல்லை. அச்சம் மிக மிக, கை வாய்க்குப் போவதும் மிகுந்தது. தந்தையார் இரவில் உறங்காமல் கணக்கேட்டைப் புரட்டும் ஓசை கேட்கும்போதெல்லாம், இருட்டில் போர்வைக்குள் என் நகங்கள் தேய்ந்தன.

என் அன்னையார் வேறு வழியை நாடினார். தாய்ப்பால் மறக்கடிக்க மார்பில் வேப்பெண்ணெய் தடவுவது நம் பெண்கள் கண்ட கைம்மருந்து. அதையே அவர் என் விரல்களுக்கும் தடவினார். முதல் இரண்டு நாள் குமட்டியது. மூன்றாம் நாள் பொறுத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் வேப்பெண்ணெய்க் கசப்பு நகத்தின் இயல்பான சுவையாகவே எனக்குத் தோன்றத் தொடங்கிவிட்டது. பள்ளியில் ஆசிரியர் ஒருவர் விரல் நுனிகளைக் குவிக்கச் சொல்லி அடிமட்டத்தின் விளிம்பால் அடித்தார். அந்த அடி எனக்கு ஒன்றைத்தான் கற்பித்தது: கைகளை எப்படி மறைத்துவைப்பது என்பதை. நெஞ்சுக்குக் குறுக்கே கைகட்டி, விரல்களை அக்குளில் ஒடுக்கி நிற்கும் என் வழக்கத்தைப் பலர் பணிவு என்று பாராட்டியிருக்கிறார்கள். அது பணிவன்று, ஒளிப்பு.

நகமில்லா விரல்

நகத்தின் அருமை அது இல்லாதவனுக்குத்தான் தெரியும். நாம் கையால் உண்ணும் மக்கள். நகக்கண் கிழிந்த விரலோடு எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டவன் அடையும் எரிச்சலை எழுத்தில் கொண்டுவர இயலாது. நனைந்த கயிற்றின் முடிச்சை அவிழ்க்க நகம் வேண்டும். பூண்டு உரிக்க, ஆரஞ்சுப் பழத்தின் தோலை முதலில் கீற, காலில் தைத்த முள்ளைக் கிள்ளியெடுக்க நகம் வேண்டும். இவை யாவற்றுக்கும் நான் பிறர் கையை எதிர்பார்த்தே வாழ்ந்தேன்.

1976இல் அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்தேன். உலகில் எத்தனையோ அலுவல்கள் இருக்க, விரல்களை நாள் முழுவதும் பொதுமக்கள் கண்முன் வைத்திருக்க வேண்டிய அலுவலே எனக்கு வாய்த்தது. பணம் எண்ண வேண்டும். அஞ்சல்தலையைக் கிழித்துத் தர வேண்டும். மேசையில் கிடக்கும் சில்லறையைப் பொறுக்க வேண்டும். நகமில்லாதவனால் வழவழப்பான பலகையிலிருந்து ஒரு பத்துக்காசை நேரே எடுக்க முடியாது. அதை மேசையின் விளிம்புவரை நகர்த்தி, விழும்போது மறுகையில் ஏந்திக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு லாவகமே வந்துவிட்டது. ஒருமுறை, மகன் அனுப்பிய பணவிடையை வாங்க வந்த மூதாட்டி ஒருவர், பணத்தைப் பார்க்காமல் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, தீயில கீயில பட்டுட்டியா?” என்று பரிவோடு கேட்டார். ஆம் என்று தலையசைத்தேன். தீ என்றால் பரிதாபம் கிடைக்கிறது. பழக்கம் என்றால் இகழ்ச்சி கிடைக்கிறது என்பதை அன்று எண்ணிப் பார்த்தேன்.

நகச்சுற்று எனக்கு ஆண்டுக்கு இருமுறையேனும் வரும். விரல் தடித்துச் சிவந்து விண்விண்ணென்று தெறிக்கும். எலுமிச்சம் பழத்தைக் குடைந்து விரலில் செருகிக்கொண்டு அலுவலகம் சென்ற நாள்களும் உண்டு.

அஞ்சவேண்டியது எது?

இப்பழக்கத்தால் விளையும் கேடுகளை மிகைப்படுத்திக் கூறுவோரும் உளர். அறவே இல்லையென்போரும் உளர். மருத்துவர் கூறுவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நகத்தடியில் தங்கும் நுண்ணுயிர்களும், கீரிப்பூச்சியின் முட்டைகளும் எளிதில் வாய்க்குச் செல்கின்றன. கிழிந்த தோல் வழியே கிருமி புகுந்து நகச்சுற்று உண்டாகிறது. விரலில் மரு இருப்பின், அது பிற விரல்களுக்கும் உதட்டுக்கும் பரவக்கூடும். முன்பற்களின் விளிம்பு நாளடைவில் தேயலாம். நகம் முளைக்கும் வேர்ப்பகுதியே பலகாலம் காயப்பட்டால் நகம் கோணலாக வளரவும் கூடும். ஆயினும் வேர் சிதையாதவரை நகம் மீண்டும் வளரும். கைந்நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது; அடியிலிருந்து நுனிவரை முற்றிலும் புதிய நகம் வர ஏறக்குறைய ஆறு மாதங்கள் போதும்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. நியூசிலாந்து நாட்டின் டனீடன் நகரில் 1972, 1973 ஆண்டுகளில் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆய்வாளர் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். 2016இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, சிறுவயதில் விரல் சூப்பாமலும் நகம் கடிக்காமலும் வளர்ந்தவர்களுள் 49 விழுக்காட்டினருக்குப் பதின்மூன்று வயதில் தூசு, பூனை, நாய் போன்றவற்றுள் ஏதேனும் ஒன்றுக்குத் தோலில் ஒவ்வாமை காணப்பட்டது. இவ்விரு பழக்கங்களுள் ஒன்று இருந்தவரிடம் அது 40 விழுக்காடு. இரண்டும் இருந்தவரிடம் 31 விழுக்காடு மட்டுமே. ஆஸ்துமா முதலிய நோய்களில் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. பிள்ளைகளை நகங் கடிக்க ஊக்குவிக்கலாம் என்று அந்த ஆய்வாளர் கூறவில்லை, நானும் கூறவில்லை. ஆனால் மகன் நகத்தைக் கடித்துவிட்டான் என்பதற்காக வீடே நடுங்க வேண்டியதில்லை என்பதை அறிவதற்கு இது உதவும்.

எனவே பெற்றோர் அஞ்சவேண்டியது நகத்தை வைத்தன்று. நகத்தின் பொருட்டுப் பிள்ளையின் மனத்தில் நாம் ஏற்றிவைக்கும் இழிவே பெரிய கேடு. நகம் ஆறு மாதத்தில் வளரும். அந்த இழிவுணர்வு ஓர் ஆயுள் முழுவதும் கூடவே வரக்கூடியது.

கை ஏன் வாய்க்குப் போகிறது?

சிக்மண்ட் பிராய்டின் வழிவந்த உளப்பகுப்பாளர் ஒரு காலத்தில் இதனைக் குழந்தையின் பால்குடிப் பருவத்தோடு தொடர்புபடுத்தி விளக்கினர். இன்றைய ஆய்வாளர் பெரும்பாலும் அவ்விளக்கத்தைப் பற்றிக்கொள்வதில்லை. தலைமுடியைப் பிடுங்குதல், தோலைக் கிள்ளுதல் ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பழக்கமாக இதனை வகைப்படுத்துகின்றனர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டிலும் இவ்வகையே பின்பற்றப்பட்டது. அதற்காக நகங் கடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் மனநோயாளி என்று பொருளன்று. நிறுத்த முயன்றும் முடியாமல், காயமும் துன்பமும் மிகுந்து அன்றாட வாழ்வே இடர்ப்படும் நிலையில்தான் மருத்துவம் அதனைக் கோளாறு என்கிறது. இப்பழக்கம் குடும்பங்களில் தொடர்ந்து வருவதையும், அதில் பிறப்புவழி வரும் இயல்புக்குப் பங்குண்டு என்பதையும் இரட்டைப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன.

அச்சமே காரணம் என்று நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மையே. 2015இல் கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழக ஆய்வாளர் 48 பேரை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டனர். அவர்களுள் பாதிப்பேர் இத்தகைய பழக்கமுடையவர்; மறுபாதி இல்லாதவர். அச்சமூட்டும் திரைப்படக் காட்சியைக் காணச் செய்தனர். கடலலையைக் காட்டி இளைப்பாறச் செய்தனர். எளியது என்று சொல்லி எளிதில் முடிக்கவியலாத வேலை ஒன்றைத் தந்து சலிக்கச் செய்தனர். ஒரு வேலையுமின்றித் தனியறையில் உட்காரவும் வைத்தனர். பழக்கமுடையவருக்கு இளைப்பாறும் நேரத்தைவிட, ஏமாற்றமும் சலிப்பும் சூழ்ந்த வேளையில் கை துறுதுறுத்தது. தம் வேலை குறையின்றி அமைய வேண்டுமென்று துடிப்பவர்களே இப்பழக்கத்துக்கு மிகுதியாக ஆட்படுகிறார்கள் என்பதும் அவர்கள் கருத்து. சோம்பேறியின் பழக்கம் என்று நாம் தூற்றுவது, சும்மா இருக்க முடியாதவனின் பழக்கமாக இருப்பது எத்துணை விந்தை!

கசப்பை நம்பிய மேதைகள்

கசப்பால் இதைத் தீர்க்கலாம் என்று நம்பியவர் என் அன்னையார் மட்டுமல்லர். 1942இல் லாரன்ஸ் லெஷான் என்ற அமெரிக்க உளவியலார் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார். கோடைகாலச் சிறுவர் முகாமில் நகங் கடிக்கும் பிள்ளைகள் உறங்கும்போது, அவர்கள் நகம் மிகக் கசக்கிறது என்று பொருள்படும் ஒரே வாக்கியத்தை இசைத்தட்டுக் கருவி வாயிலாக இரவுதோறும் முந்நூறு முறை ஒலிக்கச் செய்தார். கருவி இடையில் பழுதானது. அவர் மனம் தளரவில்லை. இருளில் தாமே நின்று எஞ்சிய இரவுகளில் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கோடையின் முடிவில் 40 விழுக்காட்டுச் சிறுவர் பழக்கத்தை விட்டிருந்தனர். உறக்கத்திலேயே பாடம் ஏறும் என்று உலகம் மகிழ்ந்தது. ஆனால் 1956இல் சைமன், எம்மன்ஸ் என்ற இருவர் மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து சோதித்தபோது, உண்மையில் உறங்குபவர் எதையும் கற்பதில்லை என்று கண்டனர். அச்சிறுவர்கள் இடையிடையே விழித்துக் கேட்டிருக்க வேண்டும்.

1958இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், உணர்வு மரக்கச் செய்யும் மருந்தைத் தேடியவர்களுக்குத் தற்செயலாக டெனடோனியம் பென்சோயேட் என்ற பொருள் கிடைத்தது. உலகில் அறியப்பட்டவற்றுள் மிகக் கசப்பானதாகக் கூறப்படும் பொருள் இது. நச்சுப் பொருள்களை எவரும் தவறிக் குடித்துவிடாதிருக்க அவற்றில் இதைக் கலக்கிறார்கள். மருந்துக் கடைகளில் நகத்துக்குப் பூச விற்கப்படும் கசப்புத் திரவங்கள் பலவற்றிலும் இதுவே இருக்கிறது. சிலருக்கு இது உதவுவதும் உண்டு. எப்படியெனில், கை வாய்க்கு வந்துவிட்டது என்று அறிவிக்கும் மணியாக அது பயன்படுகிறது. மணியோசை கேட்டபின் என்ன செய்வது என்பதை மட்டும் அது சொல்லித்தருவதில்லை.

பேத்தியின் விரல்கள்

இவற்றையெல்லாம் நான் தேடிப் படித்தது என் பொருட்டன்று. என் மகளின் மகள், ஒன்பது வயதுச் சிறுமி, 2023ஆம் ஆண்டில் நகங் கடிக்கத் தொடங்கினாள். அவள் தந்தை வளைகுடா நாட்டில் பணிபுரிபவர். மகள் இங்கே எங்களோடு இருந்துகொண்டு வேலைக்குச் செல்கிறாள். கசப்புத் திரவம் வாங்கப்பட்டது, பூசப்பட்டது, இரண்டே வாரத்தில் அது தோற்றது. விடியவிடையக் கண்டிப்பு நடந்தது. ஒருநாள் சினம் தாளாமல் என் மகள், “அப்பா, எல்லாம் உங்களைப் பார்த்துப் பழகினதுதான்” என்று சொல்லிவிட்டு, சொன்ன மறுகணமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. என்னை உறுத்தியது வேறொன்று. வகுப்பில் விடை தெரிந்தும் இவள் கைதூக்குவதில்லை என்று ஆசிரியை கூறியதாக அன்று மாலை அறிந்தேன். காரணம் எனக்கு மட்டும் உடனே விளங்கியது. கைதூக்கினால் விரல்கள் தெரியும்.

அறுபது ஆண்டுகளுக்கு முன் அக்குளில் ஒளிந்த என் விரல்கள் இன்னொரு தலைமுறையிலும் ஒளியத் தொடங்கியிருந்தன. அதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க இயலவில்லை.

1973இல் நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற அமெரிக்க உளவியலார் இருவர் பழக்க மாற்றுப் பயிற்சி என்னும் முறையை வெளியிட்டனர். இன்றுவரை இத்துறையில் மருத்துவர் முதலில் கையாளும் முறைகளுள் அதுவும் ஒன்று. அதன் சாரம் மூன்று சொற்களில் அடங்கும்: கவனி, மாற்று, பாராட்டு. கை எப்போது, எவ்விடத்தில், எந்த நினைவோடு மேலே எழுகிறது என்பதைக் கவனித்துக் குறிக்க வேண்டும். எழுந்தவுடன் அதே கையால் கடித்தலோடு ஒத்துவராத வேறொன்றைச் சில நிமிடம் செய்ய வேண்டும். விரல்களை மூடிக்கொள்ளலாம், ஒரு பொருளைப் பற்றிக்கொள்ளலாம். வீட்டார் வெற்றியைக் கண்டு பாராட்ட வேண்டும். தண்டனைக்கு அதில் இடமே இல்லை.

பேத்தியை அழைத்து, “நானும் இத்தனை வயதில் இதை விடலாமென்று பார்க்கிறேன். கூட ஒரு ஆள் இருந்தால் நன்றாயிருக்கும்” என்றேன். அவள் என் விரல்களை எடுத்துத் தன் விரல்களோடு வைத்துப் பார்த்து, “தாத்தா, உங்களுக்குத்தான் ரொம்ப மோசம்” என்றாள். அந்த ஆறுதல் அவளுக்குத் தேவைப்பட்டிருந்தது. ஆளுக்கொரு சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டோம். கை வாய்க்குப் போனதைக் கண்டால் ஒருவர்க்கொருவர் சத்தமிடுவதில்லை; தம் காதைத் தொட்டுக் காட்டினால் போதும் என்று உடன்படிக்கை செய்துகொண்டோம்.

மூன்று வாரம் சென்றபின் இரு குறிப்பேடுகளையும் விரித்துப் பார்த்தோம். என்னுடையதில் வியப்பொன்றுமில்லை, நாளிதழும் தொலைக்காட்சியும் மின்கட்டணச் சீட்டும் இருந்தன. அவளுடையதில் தேர்வு, வீட்டுப்பாடம் ஆகியவை இருக்குமென எதிர்பார்த்தோம். அவை சிலவே. மிகப்பல குறிப்புகள் ஒரே வேளையில் வந்தன: வெள்ளிக்கிழமை இரவு, தந்தையிடமிருந்து அழைப்பு வரும் நேரத்துக்கு முன்னும், பேசி முடித்த பின்னும். ஓரிடத்தில் அவள் கோணல் எழுத்தில், “அப்பா எப்ப வருவாங்கன்னு அம்மா கேட்டாங்க. அப்பா பதில் சொல்லல” என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த என் மகள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. வீட்டின் கவலை பிள்ளைக்குத் தெரியாது என்று பெரியவர்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். அவளோ நாள்தோறும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதற்குச் சான்றாக அவளிடம் பத்து விரல்கள் இருந்தன. அடுத்த வெள்ளியன்று தந்தையும் தாயும் அவளையும் அமர்த்திக்கொண்டு, ஒப்பந்தம் முடியும் மாதம் எது, வீட்டுக் கடனில் மீதி எவ்வளவு என்பதை அவளுக்கு விளங்கும் வகையில் சொன்னார்கள். நாட்காட்டியில் ஒரு மாதத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டது.

காரணம் தெரிந்ததும் பழக்கம் பறந்துவிட்டது என்று எழுதினால் அது கதையாகிவிடும். அப்படி நடக்கவில்லை. பழக்கம் தன் காரணத்தை மறந்த பின்னும் தன் வழியை மறப்பதில்லை. முதல் மாதத்தில் ஒரே ஒரு விரலை மட்டும் காப்பாற்றுவது என்று முடிவுசெய்தோம். அவள் மோதிர விரலைத் தேர்ந்தாள். நான் கட்டைவிரலைத் தேர்ந்தேன். காத்த விரலுக்குத் துணையாக மாதத்துக்கு ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொண்டோம். கைகளுக்கு வேலை வேண்டுமென்று பாட்டியிடம் பூத்தொடுக்கக் கற்றுக்கொண்டாள்; நான் வீட்டுக்கு வேண்டிய பூண்டு முழுவதையும் உரிக்கும் பொறுப்பை ஏற்றேன். ஏறத்தாழ எட்டு மாதங்களுக்குப் பின் ஒருநாள் அவள் நகம் நீண்டுவிட்டதென்று என்னிடம் வந்து நின்றாள். வெட்டுவதற்கு வீட்டில் என்னிடம் நகவெட்டி இல்லை. எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை. கடைக்குச் சென்று வாழ்வில் முதன்முறையாக ஒரு நகவெட்டி வாங்கினேன். இப்போது அவள் வகுப்பில் கைதூக்குகிறாள். என் விரல்களுள் ஒன்பது தேறிவிட்டன. இடக்கைச் சுண்டுவிரல் மட்டும் இன்னும் இசையவில்லை.

பெற்றோருக்குச் சில சொற்கள்

நகங் கடிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருப்பின், பிறர் முன்னிலையில் அதைக் குறிப்பிடாதீர்கள். விருந்தினர் வந்திருக்கும்போது பிள்ளையின் கையைப் பிடித்து, “பாருங்கள் இவன் இலட்சணத்தை” என்று காட்டுவது மருந்தன்று. நகத்தைச் சீராக வெட்டி, அரத்தால் தேய்த்துப் பிசிறின்றி வையுங்கள். அழைப்பு விடுக்கும் பிசிறு இல்லையெனில் பல்லுக்கு வேலை குறையும். சிறுமியர்க்கு மருதாணி இட்டு விரல்களைப் பார்த்து மகிழக் கற்பியுங்கள். தன் விரலை விரும்புகிறவள் அதைக் காக்க முயல்வாள். கையை எடு என்று சொல்லும்போதே, அந்தக் கைக்குச் செய்ய வேறொன்றையும் கொடுங்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர் 2023இல் வெளியிட்ட முறை மிக எளிது. கடிக்கத் தோன்றும்போது விரல் நுனிகளையோ, உள்ளங்கையையோ, முழங்கையையோ மென்மையாகத் தடவிக்கொள்வதுதான் அது. இத்தகைய பழக்கங்களுடைய 268 பேர் கலந்துகொண்ட அந்த ஆறு வாரச் சோதனையில், தடவும் முறையைப் பயின்றவருள் ஏறத்தாழ 53 விழுக்காட்டினர் முன்னேற்றம் கண்டனர். பயிலாதவருள் 20 விழுக்காட்டினரே கண்டனர். நகங் கடிப்பவர்க்கே அது மிகுதியாக உதவியது. செலவு ஏதுமில்லாத மருத்துவம் இது.

விரல் அடிக்கடி சீழ்கட்டினாலோ, இரத்தம் வருமளவு கடித்தாலோ, முடியைப் பிடுங்குதல், உறக்கமின்மை, பள்ளிக்குச் செல்ல அஞ்சுதல் போன்றவை உடன் காணப்பட்டாலோ, தாமதமின்றி மருத்துவரிடமும் உளநல ஆலோசகரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கை வாய்க்குப் போகும் அந்த நேரத்தைக் கவனியுங்கள். அப்போது வீட்டில் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். பிள்ளைகளுக்குத் தங்கள் கவலையைச் சொல்லச் சொற்கள் போதா. பல வேளைகளில் அவர்கள் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று அந்த விரலுக்குப் பின்னால் காத்திருக்கிறது. முதலில் அதற்கு விடை சொல்லுங்கள். நகத்துக்கு வேண்டியது கொஞ்சம் காலம்தான்.